பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகள்



இன்றைய தலைப்பு கொஞ்சம் வறண்டது. நிதி ஆலோசகர்களுக்கான சான்றிதழ்களும் தர விதிகளும். தலைப்பைச் சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு பேர் கடிகாரத்தைப் பார்த்தாயிற்று. ஆகவே ஒரு நாயிலிருந்து தொடங்குவோம்.

ஆலன் ராத் என்பவர் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நிதித் திட்டமிடுநர். பத்திரிகைகளில் பணத்தைப் பற்றி எழுதுபவரும்கூட. அந்நாட்டில் ஓர் அமைப்பு 'அமெரிக்காவின் தலைசிறந்த நிதித் திட்டமிடுநர்களில் ஒருவர்' என்ற பட்டத்தை வழங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டம் எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்ட ராத், 2009இல் தன் வீட்டு நாயின் பெயரில் விண்ணப்பித்தார். பெயர்: மேக்ஸ் டெயில்வேகர். வாலாட்டி என்றே குடும்பப் பெயர் போட்டிருந்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இருநூறு டாலருக்கும் குறைவான கட்டணம் போனது. பெயர் பொறித்த பலகை வந்தது. வாலாட்டியார் தலைசிறந்த நிதித் திட்டமிடுநர் ஆகிவிட்டார்.

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் அதே பலகையை ஒரு மனிதர் வாங்கித் தன் அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தால், எதிரே உட்கார்ந்த நம்மில் எத்தனை பேர் சந்தேகப்பட்டிருப்போம்? அமெரிக்காவில் பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பு, நிதித் தொழிலில் இருப்பவர்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளும் எழுத்துகளைப் பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறது. அதில் இருநூறுக்கும் மேற்பட்ட பட்டங்கள் இருக்கின்றன. சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். சிலவற்றுக்கு ஒரு வார இறுதி போதும். முகவரி அட்டையில் அச்சாகும்போது இரண்டும் ஒரே அளவு எழுத்தில்தான் அச்சாகின்றன.

அப்படியானால் ஒரு சான்றிதழின் பெறுமானத்தை எப்படி அளப்பது? இந்த மேடை மூன்று கேள்விகளை உங்கள் முன் வைக்கிறது. அதைக் கொடுத்தது யார்? அதை வைத்திருப்பவருக்குப் படி அளப்பது யார்? அவர் தவறு செய்தால் அதைப் பறிக்கப் போவது யார்? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதைச் சிலர் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்பவர்கள் அபூர்வம். இன்றைய பேச்சின் பாரம் எல்லாம் அந்த மூன்றாவது கேள்வியில்தான்.

முதலில் நம் ஊருக்கு வருவோம். ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியையை எடுத்துக்கொள்ளுங்கள். பணிக்கொடையும் வருங்கால வைப்பு நிதியும் வங்கிக் கணக்கில் விழுந்த அதே வாரம் போன் வருகிறது. "டீச்சரம்மா, மேனேஜர் உங்களைப் பார்க்கணும்னு சொன்னாருங்க." போனால் ஏசி அறை, காபி, கழுத்தில் அடையாள அட்டையுடன் ஓர் இளைஞர். "எஃப்டியில என்னம்மா கிடைக்கப் போகுது? வட்டிக்கு வரி வேற. இதுவும் அதே மாதிரிதான், ஆனா இன்னும் நல்லது. இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு, இந்தப் பக்கத்துல ஒண்ணு." அம்மையார் பத்து லட்சத்துக்குக் காசோலை எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளை நல்லாப் பேசுறான் என்று மனம் குளிர்ந்து வீடு திரும்புகிறார். ஓராண்டு கழித்து ஒரு குறுஞ்செய்தி: உங்கள் இரண்டாவது பிரீமியம் பத்து லட்சம் ரூபாய்க்கான கெடு நெருங்குகிறது. ஒருமுறை போட்டுவிட்டு மறக்கலாம் என்று நினைத்த டெபாசிட், ஆண்டுதோறும் கட்ட வேண்டிய ஆயுள் காப்பீட்டுப் பாலிசியாக இருந்தது. அவருக்கு மாத வருமானம் ஓய்வூதியம் மட்டும்.

இந்தக் கதையில் பெயர் இல்லை, ஊர் இல்லை. ஆனாலும் இந்த மண்டபத்தில் பல தலைகள் அசைகின்றன.

அந்த இளைஞர் கெட்டவரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மார்ச் மாதத்துக்குள் முடிக்க வேண்டிய இலக்கு அவர் கழுத்தில் தொங்குகிறது. சரி, அவர் சான்றிதழ் இல்லாதவரா? அதுவும் கிடையாது. தேர்வு எழுதித்தான் வந்திருக்கிறார். சிக்கலே இங்கேதான் தொடங்குகிறது. அவர் கையில் இருப்பது விற்பதற்கான சான்றிதழ். டீச்சரம்மா தேடி வந்தது ஆலோசனை.

நம் நாட்டில் இந்த இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தேர்வுகளை வைத்தே பார்க்கலாம். காப்பீட்டு ஏஜென்ட் ஆவதற்கான தேர்வில் 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆக, தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனமான நிஸம் நடத்தும் தேர்வில் 50 சதவீதம் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. முதலீட்டு ஆலோசகராக, பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியிடம் பதிவு செய்ய வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் இரண்டு தேர்வுகளைத் தாண்ட வேண்டும். ஒவ்வொன்றிலும் 60 சதவீதம். தவறான விடைக்கு, அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் கால் பங்கு போய்விடும். குத்துமதிப்பாக விடை போடுகிறவருக்கு அங்கே இடமில்லை.

சரி, இந்தக் கடினமான வாசலைத் தாண்டி உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர்? எல்ஐசி ஏஜென்டுகள் மட்டுமே 13 லட்சத்துக்கு மேல் இருக்கும் நாட்டில், செபியிடம் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள் ஆயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். நூற்று நாற்பது கோடிப் பேருக்கு ஆயிரம் ஆலோசகர்கள்! தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இந்தத் தொழிலுக்குத் தரம் என்ற ஒன்றை வகுக்க வேண்டும் என்ற எண்ணம் எங்கே பிறந்தது? வேடிக்கை என்னவென்றால், அது விற்பனையாளர்களிடமிருந்தே பிறந்தது. 1969 டிசம்பர் 12 அன்று சிகாகோவின் ஓஹேர் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில் 13 பேர் கூடினார்கள். கூட்டியவர் லோரன் டன்டன், விற்பனைத் துறையிலிருந்து வந்தவர். காப்பீட்டுக்காரர் காப்பீட்டையும் ஃபண்டுக்காரர் ஃபண்டையும் விற்றுவிட்டுப் போகிறார்கள். ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன், காப்பீடு, வரி, ஓய்வுக்காலம், உயில் எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. இதுதான் அவர்களின் குறை. அந்தச் சந்திப்பிலிருந்து டென்வர் நகரில் ஒரு கல்லூரி முளைத்தது. 1973இல் முதல் அணியாக 42 பேர் 'சர்டிஃபைடு ஃபைனான்சியல் பிளானர்' என்ற பட்டத்துடன் வெளியே வந்தார்கள். சுருக்கமாக சிஎஃப்பி. இன்று உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தப் பட்டத்தை வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் சில ஆயிரம் பேர்.

ஆனால் அந்த வரலாற்றில் பலரும் கவனிக்காமல் கடந்து போகும் ஆண்டு 1985. அதுவரை பாடம் சொல்லிக்கொடுத்த கல்லூரியே பட்டத்துக்கும் சொந்தக்காரராக இருந்தது. படிப்புக்குக் கட்டணம் வாங்குகிற கை, கட்டணம் கட்டியவரைத் தேறவில்லை என்று சொல்லுமா? பட்டம் வாங்கியவர் பத்தாண்டு கழித்துத் தப்புச் செய்தால் அந்தக் கல்லூரி என்ன செய்ய முடியும்? இந்தச் சங்கடத்தைத் தீர்க்க, பட்டத்தின் உரிமையைப் பிரித்துத் தனி வாரியம் ஒன்றிடம் கொடுத்தார்கள். தேர்வு, நெறிமுறை, ஒழுங்கு நடவடிக்கை மூன்றும் வாரியத்தின் பொறுப்பு. எழுத்துகளைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் அதிகாரமுள்ள ஒரு கை அன்றைக்குத்தான் உருவானது. அந்தப் பட்டத்துக்கு எடை வந்ததும் அதன் பிறகுதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்தப் பட்டத்துக்கு நான்கு தூண்கள். படிப்பு, தேர்வு, அனுபவம், நெறி. அமெரிக்கத் தேர்வில் 170 கேள்விகள்; மூன்று மணி நேரம் வீதம் இரண்டு அமர்வு; எழுதுகிறவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் தேறுகிறார்கள். இந்தியாவில் இந்தப் பட்டத்துக்குப் போகிறவர் முதலீடு, ஓய்வுக்காலம், வரி, காப்பீடு, சொத்துப் பகிர்வு என்று பகுதி பகுதியாகத் தேர்வெழுதிவிட்டு, ஒரு குடும்பத்தின் முழு நிதித் திட்டத்தையும் எழுதிக் காட்ட வேண்டும்.

அந்த முழுத் திட்டம் எப்படி இருக்கும்? நல்ல திட்டமிடுநர் ஒருவரிடம் முதல் முறை போனால் அவர் எந்த ஃபண்டையும் எடுத்து நீட்ட மாட்டார். முதலில் கட்டணம் எவ்வளவு, அதற்கு என்ன செய்வேன், என்ன செய்ய மாட்டேன் என்று எழுத்தில் கொடுப்பார். அடுத்தது கேள்விகள். நகைக்கடன் இருக்கிறதா? தம்பி வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டிருக்கிறீர்களா? அப்பாவுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? சீட்டு கட்டுகிறீர்களா, எடுத்தாயிற்றா? அலுவலகத்தில் நாமினி யார்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் விழிக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா பெயரை எழுதியது. அதற்கப்புறம் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அம்மா காலமாகி ஏழாண்டு ஆகியிருக்கும். படிவத்தில் இன்னும் அம்மாதான் நாமினி. அதைத் திருத்த ஒரு ரூபாய் செலவில்லை, அதனால் யாருக்கும் ஒரு ரூபாய் கமிஷனும் இல்லை. கமிஷனில் பிழைப்பவர் அந்தப் படிவத்தை எடுத்துவரச் சொல்லி நேரம் செலவழிப்பாரா?

இரண்டாவது கேள்விக்கு வந்துவிட்டோம். படி அளப்பது யார்? வைத்தியருக்கு நோயாளி பணம் தராமல் மருந்துக்கடைக்காரர் சம்பளம் கொடுத்தால், சீட்டில் எத்தனை மருந்து எழுதப்படும் என்று யோசித்துப் பாருங்கள். ஆயுள் காப்பீட்டில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை கமிஷன் கொடுக்க நம் நாட்டுச் சட்டமே நீண்ட காலம் இடம் கொடுத்திருந்தது. மியூச்சுவல் ஃபண்டில் முதலீட்டாளரின் பணத்திலிருந்து எடுத்த எடுப்பிலேயே கழித்துக்கொள்ளும் நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி ஒழித்தது. அன்றைக்குப் பெரிய கூக்குரல் எழுந்தது. விநியோகஸ்தர்கள் பலர் எங்கே போனார்கள் தெரியுமா? கமிஷன் இன்னும் தாராளமாக இருந்த, காப்பீட்டோடு முதலீட்டைக் கலக்கும் யூலிப் பக்கம். பணம் பாயும் திசையில்தான் ஆலோசனையும் பாய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. 2013 ஜனவரியிலிருந்து கமிஷன் இல்லாத நேரடித் திட்டங்கள் வந்தன. அதே ஆண்டு முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளும் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிமுறைகளின் சாரம் இதுதான்: ஆலோசனை சொல்பவர் வாடிக்கையாளரின் நலனைத் தன் நலனுக்கு முன்னால் வைக்கக் கடமைப்பட்டவர். தான் சொன்ன ஆலோசனைக்காக வேறு எவரிடமிருந்தும் கமிஷன் வாங்கக் கூடாது. 2020இல் கயிறு இன்னும் இறுகியது. ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனைக் கட்டணமும் விற்பனைக் கமிஷனும் என்று இரண்டு பக்கமும் கை நீட்ட முடியாது. பதிவு பெறாத விநியோகஸ்தர் தன்னைச் சுயேச்சை நிதி ஆலோசகர் என்றோ செல்வ ஆலோசகர் என்றோ அழைத்துக்கொள்ளக் கூடாது. 2024 டிசம்பரில் வாசலைக் கொஞ்சம் அகலமாக்கினார்கள். பட்டப்படிப்பு போதும், அனுபவ ஆண்டுகள் கேட்கப்படவில்லை, நிகரச் சொத்துக்குப் பதில் வைப்புத்தொகை. நிலையான கட்டணத்துக்கு உச்சவரம்பு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய். அனுபவத்தை விட்டுக்கொடுத்தது சரியா என்று வாதாடலாம். ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு ஒரு தேசம் வேறு என்ன செய்யும் என்ற கேள்விக்கும் பதில் வேண்டுமல்லவா? கமிஷனைப் பற்றிய விதி தளராதவரை இந்தத் தளர்வைப் பொறுத்துக்கொள்ளலாம்.

சரி, விதி இருக்கிறது, பட்டம் இருக்கிறது, வாரியம் இருக்கிறது. போதுமா?

பறிக்கப் போவது யார் என்ற மூன்றாவது கேள்விக்காக ஆஸ்திரேலியாவுக்குப் போவோம். 2018இல் அங்கே வங்கிகளையும் நிதிச் சேவைகளையும் விசாரிக்க, முன்னாள் உயர் நீதிமன்ற நீதிபதி கென்னத் ஹெய்ன் தலைமையில் அரச ஆணையம் அமர்ந்தது. அதன் முன் வந்த சாட்சியங்களில் ஒன்று மறக்க முடியாதது. தொலைக்காட்சியில் தோன்றி ஊருக்கே நிதி ஆலோசனை சொல்லிவந்த ஒருவரிடம், தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் பதவியில் இருந்த ஒரு பெண்மணி ஆலோசனை கேட்டுப் போனார். பழைய ஓய்வூதியத் திட்டத்தை விட்டு வெளியே வந்து, சொந்தமாக ஓர் ஓய்வூதிய நிதி தொடங்குங்கள் என்பது அவருக்குக் கிடைத்த ஆலோசனை. அதன்படி நடந்திருந்தால் சுமார் ஐந்து லட்சம் டாலர் பறிபோயிருக்கும். அவர் படித்துப் பார்த்துச் சுதாரித்துக்கொண்டார். அதோடு நின்றதா? ஆலோசகரின் ஊழியர் ஒருவர் அந்தப் பெண்மணியைப் போலவே பேசி ஓய்வூதிய நிறுவனத்துக்குப் போன் செய்திருந்தார். அந்த ஒலிப்பதிவு ஆணையத்தில் எல்லோர் முன்னும் ஒலித்தது. ஆலோசகர் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லிவந்த முதுகலைப் பட்டம் முடிக்கப்படவே இல்லை என்பதும் வெளிவந்தது.

இவ்வளவுக்கும் அவர் ஒரு தொழில்முறைச் சங்கத்தின் உறுப்பினர். அந்தச் சங்கத்துக்கு 2017லேயே புகார் போயிருந்தது. ஓராண்டு கடந்தும் நடவடிக்கை முடியவில்லை. பறிக்க வேண்டிய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதே ஆணையத்தின் முன் இன்னொன்றும் வெளிப்பட்டது. இறந்துபோன வாடிக்கையாளர்களிடமிருந்தும் ஆண்டுக்கணக்கில் ஆலோசனைக் கட்டணம் பிடிக்கப்பட்டிருந்தது. செத்தவருக்கு என்ன ஆலோசனை?

விளைவு கடுமையாக இருந்தது. பட்டப்படிப்பு கட்டாயம், எல்லோருக்கும் தேசியத் தேர்வு, 2020 முதல் கட்டாய நெறிமுறை. 2018 இறுதியில் சுமார் 28,000 ஆக இருந்த ஆலோசகர்கள் நான்கே ஆண்டுகளில் சுமார் 16,000 ஆகக் குறைந்தார்கள். தேறாதவர்களோடு, நாற்பதாண்டு அனுபவம் உள்ள நல்லவர்களும் இனி எதற்குப் பரீட்சை என்று கடையைக் கட்டினார்கள். எஞ்சியவர்களின் கட்டணம் ஏறியது. நடுத்தரக் குடும்பங்களால் எட்ட முடியாத உயரத்துக்கு ஏறியது. தரத்தை உயர்த்தினால் ஆலோசனை அருகிப் போகிறது. தளர்த்தினால் டீச்சரம்மாவின் பத்து லட்சம் போகிறது. இந்த இழுபறிக்கு இன்னும் எந்த நாடும் சுலபமான விடை காணவில்லை.

அமெரிக்காவும் விதிவிலக்கல்ல. 2019 அக்டோபரில் சிஎஃப்பி வாரியம் தன் நெறிமுறையைக் கடுமையாக்கி, நிதி ஆலோசனை சொல்லும் எல்லா நேரத்திலும் வாடிக்கையாளர் நலனே முதன்மை என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அதே ஆண்டு ஜூலையில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டிருந்தது. பொதுமக்கள் திட்டமிடுநரைத் தேடிக்கொள்ள வாரியம் நடத்திய இணையதளத்தில் இருந்த சுமார் 72,000 பேரில் 6,300க்கும் மேற்பட்டோர் மீது வாடிக்கையாளர் புகார்களோ, குற்ற வழக்கோ, திவால் போன்ற சிக்கல்களோ ஃபின்ராவின் பதிவேட்டில் இருந்தன. வாரியத்தின் தளத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. புகார் எல்லாமே குற்றமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பக்கத்து அலுவலகத்தின் பதிவேட்டில் பகிரங்கமாக இருப்பதை இந்த அலுவலகம் ஏன் புரட்டிப் பார்க்கவில்லை? ஆலோசகர்கள் தாமாகச் சொல்வதையே வாரியம் நம்பியிருந்தது. அந்தச் செய்திக்குப் பிறகுதான் குழு அமைத்து, சரிபார்க்கும் முறையை மாற்றத் தொடங்கினார்கள்.

இனி நம் வாசலுக்குத் திரும்புவோம். 2020 செப்டம்பருக்கும் 2022 மே மாதத்துக்கும் இடையில் ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஒரு லட்சம் பேரிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகத் தமிழ்நாடு பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. மாதத்துக்கே 25, 30 சதவீதம் என்பது வாக்குறுதி. சேர்த்துவிட்ட ஏஜென்டுகளிடம் உங்கள் பதிவு எண் என்ன என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? மச்சான் சொன்னார், மாமா போட்டிருக்கிறார். அந்தச் சிபாரிசுக்கு முன் எந்தச் சான்றிதழ் நிற்கும்?

போதாததற்கு இப்போது கைப்பேசித் திரை வேறு. யூடியூபில் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் சென்னைப் பங்கு வர்த்தகர் ஒருவர், பதிவு பெறாமல் கட்டணம் வாங்கி ஆலோசனை கொடுத்தார் என்ற செபியின் வழக்கை 2023 மே மாதம் சமரசத்தில் முடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆனால் ஆறு கோடி ரூபாய்க்கு மேல் திருப்பிக் கட்டினார். ஓராண்டு சந்தையை விட்டு விலகி நின்றார். பெயருக்குப் பின்னால் எழுத்து இல்லாதவரிடம் பறிக்க எழுத்து ஏது? பணத்தைத்தான் பறிக்க முடிந்தது.

ஆகவே நாளைக்கு உங்கள் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். செபி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் என்றால் எண் ஐஎன்ஏ என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும். பின்னால் ஒன்பது இலக்கம். ஏஆர்என் என்று தொடங்கினால் அவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். அவரிடம் வாங்குவது தவறில்லை. நேர்மையாகத் தொழில் செய்யும் விநியோகஸ்தர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர் விற்பவர் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே. எண்ணைச் செபியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பெயர் வருகிறதா என்று. சிஎஃப்பி என்று போட்டிருந்தால் அந்தப் பட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய பட்டம் அது. செபியிடம் பதிவு பெற்றவர் மீது குறை இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம். அங்கே உங்கள் புகாருக்கு 21 நாளுக்குள் அவர் பதில் சொல்லியாக வேண்டும். இதை அவரிடமே முதல் சந்திப்பில் கேட்டுப் பாருங்கள்: "சார், உங்க மேல புகார் சொல்லணும்னா யார்கிட்ட சொல்லணும்?" பதிவு பெற்ற ஆலோசகர் புகார் சொல்லும் வழியைத் தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டியவர் என்பதால் உடனே பதில் சொல்வார். முகம் சுளிப்பவரிடம் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பேச்சு இத்துடன் போதும். இனி கேள்வி நேரம். பாலிசிப் பத்திரத்தைக் கையோடு கொண்டு வந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். அதிலும் பத்திரம் கைக்கு வந்து 30 நாள் ஆகாதவர்கள் முதலில் வாருங்கள். அந்தக் கெடுவுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போக மீதிப் பணம் திரும்பி வரும்.